மூன்றாவது தகடு

(படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. இன்னிக்குக் கவிதை வேண்டாம், ஒரு விஷயம் பேசணும்னு கேட்டேன். ஏற்பாடு செய்த தோழர்கள் சம்மதிச்சாங்க. அவங்களுக்கு நன்றி. என்னைக் கவிஞன்னு தெரிஞ்சவங்க சிலர் இருக்கீங்க. பேங்க் கிளார்க்னு தெரிஞ்சவங்க இன்னும் சிலர். இந்த இரண்டுக்கும் முன்னாடி நான் நாலு வருஷம் கோவைப் பக்கம் ஒரு துல்லிய மெஷின் ஷாப்பில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்தவன். 2011இல் மெக்கானிக்கல் முடிச்சேன், அந்த வருஷமே சேர்ந்தேன். 2015இல் விட்டு வந்தேன். ஏன் விட்டு வந்தேன்னு கேக்கிறவங்ககிட்ட, "பேங்க் வேலை நிரந்தரம் இல்லீங்களா"ன்னு சொல்வேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இங்கே நிக்கிறேன்.

முதலில் அந்த வேலை என்னன்னு சொல்லிடறேன். மெஷினை ஓட்டுறது ஆபரேட்டர். பாகம் அவர் கையில் உருவாகுது. அதை அளந்து பாக்கிறது இன்ஸ்பெக்ஷன். மெயின்டனன்ஸ்காரன் எதையும் உற்பத்தி செய்யறதில்ல. எல்லாம் ஒழுங்கா ஓடினா அவன் இருக்கிறதே யாருக்கும் தெரியாது. ஏதாவது நின்னாத்தான் அவன் பேர் ஞாபகத்துக்கு வரும். வழுக்குப் பாதைக்கு எண்ணெய் போகுதா, வடிகட்டி அடைச்சிருக்கா, ஸ்பிண்டில் சூடாகுதா, பால் ஸ்க்ரூவில் ஆட்டம் இருக்கா, கூலன்ட் கலவை நூத்துக்கு எத்தனை பங்கு. தினமும் இதுதான். காது வைத்துக் கேக்கணும், கை வைத்துத் தொட்டுப் பாக்கணும், மோந்து பாக்கணும். ஞாயிறு முழுக்க மெஷின் நின்னு திங்கள் காலையில் கூலன்ட் அழுகின முட்டை மாதிரி நாறினா, தொட்டியில் பாக்டீரியா பெருகியிருக்குன்னு அர்த்தம். அதில் நாள் முழுக்கக் கை வைக்கிறவனுக்குத் தோல் வெடிக்கும்.

அங்கே கணக்கு மில்லிமீட்டரில் இல்லை, மைக்ரானில். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம்ம தலைமுடி சுமார் எழுபது மைக்ரான் கனம். வரைபடத்தில் 50 மில்லி துளைக்கு எச்7 என்று போட்டிருந்தா, 50க்குக் கீழே ஒரு மைக்ரான்கூடப் போகக் கூடாது, மேலே 25 மைக்ரானைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் சுதந்திரம். இன்னொன்னு, இரும்பு சூட்டில் வளரும். 200 மில்லி நீள இரும்புத் துண்டு 20 டிகிரியில் இருந்து 35 டிகிரிக்குப் போனா, கிட்டத்தட்ட 35 மைக்ரான் நீளும். அதனாலதான் அளவுகளுக்கான வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று 1931லேயே சர்வதேச அளவில் ஒப்புக்கொண்டாங்க. எங்க ஷாப்பிலும் இன்ஸ்பெக்ஷன் அறைக்கு இரவு பகலா ஏசி ஓடும். பாகத்தைக் கொண்டுபோய் வைத்து, அது ஆறின பிறகுதான் அளப்பாங்க. வெளியே ஆபரேட்டர் நிக்கிற இடத்தில் ஏப்ரல் மாசம் ஃபேன் வெக்கையைத்தான் சுத்திவிடும். பாகத்துக்கு உடம்பு சுட்டால் தெரிஞ்சது அந்தக் கம்பெனிக்கு.

கூலன்ட் தொட்டின்னு சொன்னேன் இல்லையா. மூணு மாசத்துக்கு ஒருமுறை அதைக் காலி பண்ணிக் கழுவணும். அடியில் இரும்புத் தூளும் எண்ணெயும் அழுகலும் சேர்ந்து சேறா நிக்கும். அதை இறங்கி அள்ளுறதுக்கு எப்பவும் அதே இரண்டு பேர். காண்ட்ராக்டர் அனுப்புவார். அவங்க அப்பா அம்மா நகராட்சியில் துப்புரவு வேலை. யாரும் சாதி சொல்லி ஆள் கேட்டதில்லை, பதிவேட்டில் சாதி என்று ஒரு கட்டமும் இல்லை. ஆனா ஆள் மட்டும் மாறினதே இல்லை. அந்தக் கூலிச் சீட்டில் மாசா மாசம் கையெழுத்துப் போட்டவன் நான்.

இது புதுசு இல்லை. பம்பாய் பஞ்சாலைகளில் நம்ம மக்களை நூற்புப் பிரிவில் விட்டாங்க, நெசவுப் பிரிவில் விடல. காரணம் என்ன? தறி நாடாவில் நூல் அறுந்தால் வாயால் உறிஞ்சிக் கோக்கணும். ஒருத்தன் வாய் வைத்த நாடாவில் இன்னொருத்தன் வாய் வைக்கணும். கூலி அதிகம் கிடைத்த பிரிவும் அதுதான். 1928 வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத்தின் முன்னால் வைத்தார். தறிக்குச் சாதி தெரியாது. தறியைச் சுத்தி நிக்கிறவனுக்குத் தெரியும். நவீன மெஷின் வந்தா சாதி போயிடும்னு நம்புகிற நண்பர்கள் அந்த நாடாவை ஒருமுறை நினைச்சுப் பாக்கணும்.

சரி, என் கதைக்கு வர்றேன்.

எங்க ஷாப்பில் ஒரு வி.எம்.சி. மெஷின். செங்குத்தா ஸ்பிண்டில், கீழே நகர்கிற டேபிள். அதில் இரண்டாவது ஷிப்டுக்கு ஒரு பையன், ஐ.டி.ஐ. டர்னர் முடிச்சவன், காண்ட்ராக்டில் இருந்தான். தென்னாற்காட்டுப் பக்கம். நானும் அந்தப் பக்கம்தான். முதல் நாள் "எந்த ஊரு சார்"ன்னு கேட்டான். சொன்னேன். அடுத்த கேள்வி ஒன்னு எல்லாரும் கேப்பாங்க இல்லையா, ஊரா, காலனியான்னு. அவன் கேக்கல. நானும் அவனைக் கேக்கல. கேக்காமலேயே இரண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பிறகு அவனோட டீ குடிக்கிறதைக் குறைச்சுக்கிட்டேன். அந்தக் கம்பெனியில் நான் என் சாதியைச் சொல்லிக்காமல் இருந்தவன். அவன் பக்கத்தில் அதிகம் நின்னால் என்னையும் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பயம். கவிதையில் எல்லாம் பறையை முழக்கிக்கிட்டு, டீக்கடையில் நாலடி தள்ளி நின்னவன் உங்க முன்னாடி நிக்கிறான்.

அந்த மாதிரி மெஷின்களில் மின்சாரம் போனாலும் டேபிள் எந்த இடத்தில் நிக்குதுன்னு நினைவு வைத்துக்கொள்ள ஒரு ஏற்பாடு உண்டு. அதற்கு உயிர் கொடுக்கிறது பேட்டரி. எங்க மெஷினில் டார்ச் லைட்டுக்குப் போடுற மாதிரி பெரிய செல் நாலு. வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். அதுவும் மெஷினுக்குக் கரண்ட் இருக்கும்போதே மாத்தணும், அணைச்சுட்டுக் கழட்டினா நினைவு போயிடும். செல் பலவீனமானால் திரையில் எச்சரிக்கை மின்னும். 2014இல் ஒரு மூணு வாரம் அது மின்னிக்கிட்டே இருந்தது. நான் இன்டென்ட் போட்டேன். அது மேஜையில் கிடந்தது. மொத்தமா ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற செலவு. நான் மறுபடி கேக்கல. தெருமுனைக் கடைக்குப் போய் நானே வாங்கிப் போட்டிருக்கலாம், அதையும் செய்யல. வாரச் சோதனைத் தாளில் பேட்டரி என்ற வரிக்கு நேரா டிக் அடிச்சேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் போடல. திங்கட்கிழமை காலையில் மெஷினைப் போட்டால், தன் இடம் தனக்கே தெரியாமல் நிக்குது. இப்படி ஆனால் டேபிளைப் பழைய குறிக்கு நேரா கொண்டுவந்து, இதுதான் உன் வீடுன்னு மெஷினுக்குப் புதுசாச் சொல்லிக் கொடுக்கணும். ஆனா குறியைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. பால் ஸ்க்ரூ ஒரு சுத்துச் சுத்தினால் டேபிள் பத்து மில்லி நகரும். கொஞ்சம் கண் தவறினா மெஷின் பக்கத்துச் சுத்தைப் பிடிச்சுக்கும், எல்லாம் பத்து மில்லி தள்ளிப்போகும். அதனால் ஸ்பிண்டிலில் டயல் கட்டி, ஃபிக்சரில் தெரிஞ்ச ஒரு விளிம்பைத் தொட்டு, பழைய அளவோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும். பத்து நிமிஷ வேலை.

அன்னிக்குச் சரக்கு போகணும். மெஷின் நின்ன நிமிஷம் ஒவ்வொன்னும் போர்டில் என் கணக்கில் ஏறும். காலை முழுக்க வேறு வேறு இடத்தில் ஓடினேன். மதியம் ஷிப்ட் மாறுற நேரத்தில் அந்த மெஷினுக்கு வந்து, குறியைக் கண்ணால் பார்த்து வைத்தேன். டயல் கட்டல. "ஓட்டுங்க"ன்னு சொல்லிட்டுப் போனேன். அரை மணி நேரத்தில் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டர் போய் ஃபிக்சர் கிளாம்பில் மோதியிருந்தது. கட்டர் சிதறிடுச்சு. ஸ்பிண்டிலில் டெஸ்ட் பார் போட்டுப் பார்த்தேன், பத்து மைக்ரானுக்குள் இருந்த ஓட்டம் தொண்ணூறைத் தாண்டி நின்னது. ஸ்பிண்டில் போச்சு. அவனுக்குக் காயம் இல்லை. கதவு மூடியிருந்தது.

நான் திரையைப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, தப்பு என்னோடதுன்னு.

சாயங்காலம் விசாரணை. எங்க கம்பெனியில் எந்தக் கோளாறுக்கும் ஐந்து முறை ஏன் ஏன்னு கேட்டு எழுதற படிவம் ஒன்னு உண்டு. டொயோட்டா கம்பெனியில் டாய்ச்சி ஓனோ பரப்பின முறை அது. அவர் சொன்ன உதாரணம் தெரிஞ்சவங்க இருப்பீங்க. மெஷின் ஏன் நின்னது, சுமை கூடி ஃப்யூஸ் போச்சு. ஏன் சுமை கூடிச்சு, பேரிங்குக்கு எண்ணெய் போதல. ஏன் போதல, பம்ப் சரியா இழுக்கல. ஏன் இழுக்கல, அதன் தண்டு தேஞ்சிருக்கு. ஏன் தேஞ்சது, வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போயிருக்கு. கவனிச்சீங்களா, அந்த ஐந்து பதிலில் ஒரு மனுஷன் பேர்கூட இல்லை. எங்க படிவத்தில் முதல் பதிலே மனுஷன். "ஆபரேட்டர் ஆஃப்செட் தவறாகக் கொடுத்தார்." சூப்பர்வைசர்தான் அந்த வரியைச் சொன்னார். ஏன் கொடுத்தார்? "கவனக்குறைவு." அதோட ஏன் தீர்ந்துபோச்சு.

படிவத்தை என் பக்கம் தள்ளினாங்க. ஆஃப்செட்டில் மாத்தம் இல்லைன்னு எனக்குத் தெரியும். அந்த அறையில் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டேன்? இப்ப நான் என்னையே அந்த ஐந்து ஏன் கேட்டுப் பாக்கிறேன். வேலை போயிடும்னு பயம். ஏன் பயம்? வீட்டில் முதல் சம்பளம் என்னோடது. அது மட்டுமா? இல்லை. ஒரு ஆதிக்க சாதிப் பையன் தப்புப் பண்ணினா அது அவனோட தப்பு. சிரிச்சுக்கிட்டே அனுபவம் வந்தா சரியாயிடும்பாங்க. நான் பண்ணினது வெளியே தெரிஞ்சா, என் சாதியும் கூடவே வெளியே வரும். "கோட்டாவில் படிச்சவன், வேற எப்படி இருப்பான்"னு ஒரு வாக்கியம் எனக்காகத் தயாரா இருந்தது. அது தனியார் கம்பெனி, அங்கே கோட்டாவே கிடையாது, ஆனாலும் அந்த வாக்கியம் இருந்தது. அதை யாரும் சொல்றதுக்கு முன்னாடியே கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த வாக்கியத்திலிருந்து தப்பிக்க, என் தெரு மாதிரியே ஒரு தெருவிலிருந்து வந்தவனை அதுக்கு முன்னாடி பிடிச்சுத் தள்ளினேன். காரணத்தைச் சொல்றேன், நியாயம்னு சொல்லல. சாதி என் கையைப் பிடிச்சுக் கையெழுத்துப் போட வைக்கல. போட்டது நான்.

மறுநாள் அவன் வரல. காண்ட்ராக்டர் வேற ஆளை அனுப்பினார். அவ்வளவு சுலபம் அது. மெமோ இல்லை, விசாரணைக் கடிதம் இல்லை. ஸ்பிண்டில் வர ஐந்து வாரம் ஆச்சு, அவனுக்கு மாத்து ஆள் ஒரே ராத்திரியில் வந்தது.

இந்த இடத்தில் மெஷின்காரங்களோட பழைய விஷயம் ஒன்னு சொல்லணும். உலகத்தில் முதல் நேரான தளம் எப்படி வந்தது? நேரா இருக்கான்னு பாக்க ஒரு நேரான தகடு வேணும். அந்தத் தகடு நேரா இருக்கான்னு பாக்க? இங்கிலாந்தில் மாட்ஸ்லே என்பவரோட பட்டறையில் பழகின ஜோசஃப் விட்வொர்த், 1840இல் கிளாஸ்கோவில் ஒரு கூட்டத்தில் இதைப் பத்தி ஒரு கட்டுரை படிச்சார். அந்த வழியில் வேலை செய்ய மூணு தகடு வேணும். நீல மை தடவி ஒன்னோட ஒன்னை வைத்துத் தேய்த்து, மை பட்ட மேட்டைச் சுரண்டணும். இரண்டு தகட்டை மட்டும் வைத்து இதைச் செஞ்சா, கடைசியில் இரண்டும் இம்மி இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கும். ஆனா நேராத்தான் இருக்கும்னு சொல்ல முடியாது. ஒன்னு குழிஞ்சும் இன்னொன்னு அதே அளவு மேடாவும் இருந்தாலும் அப்படித்தான் ஒட்டும். மூணாவது ஒன்னைக் கொண்டுவந்து இரண்டோடயும் வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மூணும் மாத்தி மாத்தி எல்லாத்தோடயும் பொருந்தினால்தான் மூணுமே நேர்.

அன்னிக்கு அந்த அறையில் சூப்பர்வைசரோட வாக்குமூலமும் என் ரிப்போர்ட்டும் அப்படியே ஒட்டிக்கிச்சு. மேனேஜருக்குத் திருப்தி. இரண்டு பேர் சொல்றதும் ஒத்துப்போகுதேன்னார். மூணாவது தகடு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்னுக்கிட்டிருந்தது. உள்ளே கூப்பிட யாருக்கும் தோணல.

நான் அதற்கப்புறம் ஒரு வருஷம் அங்கேயே இருந்தேன். அதையும் சொல்லணும். உடனே ராஜினாமா செய்த வீரன் இல்லை. பேங்க் பரீட்சை எழுதித் தேறின பிறகுதான் வெளியே வந்தேன்.

2019இல் அவனைத் தேடிப் போனேன். கூட வேலை பார்த்த ஒருத்தர்கிட்ட நம்பர் கிடைச்சுது. ஊரில் லோடு ஆட்டோ ஓட்டிக்கிட்டிருந்தான். கல்யாணம் ஆகி ஒரு குழந்தை. காலனி முனையில் வேப்ப மரத்தடியில் உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். செல்லு, குறி, டயல் கட்டாதது, கையெழுத்து. முழுசாக் கேட்டான். அப்புறம் சொன்னான்: "எனக்கு அன்னிக்கே தெரியும் சார்."

எப்படிடா தெரியும்னேன். "ஹோமுக்குப் போய் நின்னா டேபிளுக்கும் கவருக்கும் நடுவில் என் விரல் ஒன்னு போகும் சார். தினம் துடைக்கிறவன் இல்லையா நான். அன்னிக்கு விரல் போகல. சூப்பர்வைசர்கிட்டப் போய்ச் சொன்னேன். 'இன்ஜினியர் பாத்துட்டுப் போயிட்டாரு, நீ என்ன அவரை விடப் பெரிய ஆளா, ஓட்டு'ன்னாரு. உங்களைத் தேடினேன், நீங்க கம்ப்ரசர் ரூமில் இருந்தீங்க. ஓட்டிட்டேன்."

தோழர்களே, மைக்ரான் அளக்கிற கருவிகள் லட்சக்கணக்கில் போட்டு வாங்கி வைத்த ஷாப் அது. பத்து மில்லி தப்பை ஒரு விரல் அளந்து, வாய் திறந்து சொல்லியும் இருக்கு. அந்த விரல் யாரோடதுங்கிறதால அந்த அளவு கணக்கில் வரல. அவன் சொன்னதைக் கேட்டிருந்தா ஸ்பிண்டில் தப்பிச்சிருக்கும். முதலாளிக்கும் அதில் நட்டம்தான். நட்டப்பட்டாலும் பரவாயில்லை, கீழே இருக்கிறவன் சொல்லை எடுத்துக்க மாட்டேன்கிற ஒரு கட்டமைப்பைத்தான் நாம சாதின்னு சொல்றோம். அந்தக் கட்டமைப்பில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டாங்க. நான் உக்காந்தேன்.

என்கிட்ட இரண்டு பக்கத்தில் எழுதின ஒரு தாள் இருந்தது. நடந்தது என்ன, தப்பு யாரோடது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். வாங்கிப் படிச்சான். மடிச்சுத் திருப்பிக் கொடுத்தான். "இதை வெச்சு நான் என்ன சார் பண்றது? அந்தக் கம்பெனிக்கா திரும்பப் போகப் போறேன்? நீங்களே வெச்சுக்கங்க. உங்களை மாதிரிப் படிச்சுட்டுப் போறவங்க இருப்பாங்க இல்ல, அவங்களுக்குக் காட்டுங்க." சார்னு கூப்பிடாதே, அண்ணான்னு கூப்பிடுன்னேன். சரி சார்னான்.

ஐந்து வருஷத்துக்கு மேல அந்தத் தாள் என் பெட்டியிலேயே கிடந்தது. இதைப் பத்திக் கவிதை எழுதிப் பார்த்தேன். மூணு தடவை. மூணிலும் நான் நல்லவனாத்தான் வந்தேன். அதனால கிழிச்சுப் போட்டேன். தாளை மட்டும் கொண்டுவந்திருக்கேன், இதோ.

இந்த அறையில் இன்ஜினியரிங் படிக்கிற மாணவர்கள் நிறையப் பேர் இருக்கீங்க. நாளைக்கு நீங்களும் ஏதாவது ஒரு ஷாப்பில், ஒரு ஆபீசில், என்னை மாதிரி தனி ஆளா நிப்பீங்க. அந்த வாக்கியம் உங்களுக்காகவும் அங்கே காத்துக்கிட்டிருக்கும். அதற்குப் பயந்து தப்பை மறைக்காதீங்கன்னு நான் உபதேசம் பண்ண முடியாது, எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்றேன். குறியைக் கண்ணால் பார்த்துட்டு ஓட்டச் சொல்லாதீங்க, டயல் கட்டுங்க. அடுத்தது, படிவம் உங்க முன்னாடி வரும்போது பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி, வெளியே நிக்கிறவனை உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டு, "நீ என்ன பாத்தே"ன்னு கேளுங்க.

தாளை மேஜை மேல வைக்கிறேன். கூட்டம் முடிஞ்சதும் யார் வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாம். அவன் பேரை அடிச்சிருக்கேன். என் பேர் அப்படியே இருக்கு.